இபுராகிம் பாய் காரின் சத்தத்தைக் குறைத்த கதை

"அடுத்த மாசத்துலேருந்து வேற காரு பாத்துக்கிறேன்னு ஆச்சி சொல்லிட்டாக, தம்பி" என்று சொல்லிக்கொண்டே இபுராகிம் பாய் காரை விட்டு இறங்கினார். எங்கள் பட்டறை அப்போது காரைக்குடியில் கழனிவாசல் போகும் சாலையில் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. ஓடாத வண்டியையும் ஓட வைத்துவிடுவேன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரை ஊரைவிட நான்தான் அதிகம் நம்பினேன்.

பாய் பதினாறு வருஷம் லாரி ஓட்டியவர். கை உளைச்சல் தாங்காமல் அதை விட்டுவிட்டு, ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட வந்தார். பெட்ரோல் விலை ஏறியதும் பலரும் செய்ததையே அவரும் செய்தார். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, ஒரு வேனில் கிடந்த டீசல் எஞ்சினை ஏற்றினார். ஏற்றிக் கொடுத்தவன் அடியேன்தான். ஓடியது, நன்றாகவே ஓடியது. சாக்கோட்டையில் கார் புறப்பட்டால் காரைக்குடியில் தெரியும் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

கண்டரமாணிக்கத்து உமையாள் ஆச்சிக்கு இளைப்பு நோய். வாரம் இரண்டு நாள் தேவகோட்டை டாக்டரிடம் போய்வர வேண்டும். பாய் நிதானமாக ஓட்டுவார் என்று அவர் காரைத்தான் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாள் ஓட்டம்தான் பாய் வீட்டில் உலை ஏற்றியது. மற்றபடி எப்போதாவது ஒரு கல்யாணச் சவாரி கிடைக்கும்.

ஆச்சி சொன்னதை பாய் அப்படியே என்னிடம் சொன்னார். "டாக்டரு சத்தம் போட்டுப் பேசக்கூடாதுங்கிறாரு. இந்த வண்டியில தண்ணி குடிக்க நிப்பாட்டுங்கன்னு சொல்ல மூணு வாட்டி கத்த வேண்டியிருக்கு. வீடு போய்ச் சேருறதுக்குள்ள இளைப்பு வந்துருது."

எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் மூச்சைப் பிடித்தது நான் ஏற்றிய எஞ்சின்.

முதலில் நான் செய்தது சுத்தமான முட்டாள்தனம். சாக்குகளைத் தாரில் தோய்த்துத் தரைத் தகட்டின் மேலே அப்பினேன். சித்திரை வெயிலில் தார் இளகி, கார் முழுக்க நெடி. ஆச்சி தேவகோட்டையில் இறங்கும்போது இருமிக்கொண்டே இறங்கினார்களாம். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். சத்தத்தை மூடப் பார்க்கக்கூடாது, அது எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். காரை வேகமாக ஓட்டிப்போய், நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்து உருளவிட்டேன். சத்தம் முக்கால்வாசி நின்றுவிட்டது. ஆகவே சக்கரத்தின் சத்தமோ காற்றின் சத்தமோ அல்ல. எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். எஞ்சினைத் தாங்கி நிற்கும் மவுண்டிங்கில் வைத்தபோது மண்டையே அதிர்ந்தது. பழைய டயரை வெட்டி வைத்து, அது அசையாமல் இருக்க முறுக்கு முறுக்கென்று போல்ட்டை முறுக்கியிருந்தேன். ரப்பர் நசுங்கிக் கட்டையாகிவிட்டது. எஞ்சினின் அதிர்வு முழுவதும் பாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சைலன்சர் குழாயும் ஓரிடத்தில் தரைத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில், பழைய எஞ்சினுக்காகப் போட்ட ஐந்து ஓட்டைகளை நான் அடைக்கவே இல்லை.

மதுரையிலிருந்து நல்ல மவுண்டிங் வரவழைத்துப் போட்டேன். குழாயை இறக்கிக் கட்டினேன். ஓட்டைகளுக்குத் தகடு வைத்து ரப்பர் அடைத்தேன். கியர் பாக்ஸ் மேல் மூடியிலும் காலடியிலும் தடித்த கம்பளி வெட்டிப் போட்டு, அதன் மேல் ரப்பர் பாய் விரித்தேன். கம்பளி ஆச்சி வீட்டிலிருந்தே வந்தது. அவர்கள் கொடுத்தனுப்பிய பழைய விரிப்பு, என் வீட்டுப் பாயைவிடப் புதிதாக இருந்தது.

கார் அடங்கிவிட்டது. டீசல் டீசல்தான், ஆனால் பின் சீட்டிலிருந்து சாதாரணமாகப் பேசலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது வாரம் பாய் வந்தார். முகம் வாடியிருந்தது. "தம்பி, தப்பா நெனக்காதீக. பழையபடி அந்தச் சத்தத்தை வச்சிருங்க."

எனக்குக் கோபம் வந்தது. "என்ன பாய் வெளையாடுறீகளா? ஒரு வாரம் குனிஞ்சு கெடந்து பண்ணியிருக்கேன்!"

"இல்ல தம்பி... எஞ்சின் ஓடுதா நின்னுருச்சான்னே தெரிய மாட்டேங்குது. கியர் மாத்துற எடம் தப்பிப் போயிருது. ஆச்சியும் கோவமா இருக்காக. கூப்புட்டா ஏன்னுகூட கேக்க மாட்டேங்குறீக, அம்புட்டுத் திமிரான்னு ஆளு விட்டுக் கேட்டாக."

சொல்லிவிட்டு பானெட்டைத் திறக்கக் குனிந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, "பாய், பின் டயருல காத்து இல்லை" என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் இல்லை. ஏதோ தோன்றித் தானாகத் திரும்பியவர், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தெரிஞ்சு போச்சா தம்பி?" என்றார்.

அந்தக் காலத்து லாரியில் எஞ்சின் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், கேபினுக்குள்ளேயே இருக்கும். பதினாறு வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்ததில் காது மந்தமாகிவிட்டது. கார் இரைந்தவரை எல்லோரும் கத்திப் பேசினார்கள், அவருக்கும் கேட்டது. நான் காரை அடக்கினேன், ஆச்சி குரலைத் தணித்தார்கள், பாயின் காதில் ஒன்றும் விழவில்லை.

"பின்னால வர்ற வண்டி ஹாரன்?" என்று கேட்டேன்.

"லாரியிலயே கண்ணாடி பாத்துத்தான் ஓட்டுவேன். ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல. ஆனா செவிட்டு டிரைவருன்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்? யாருட்டயும் சொல்லிராதீக தம்பி."

சத்தத்தைத் திரும்ப வைத்தால் ஆச்சிக்கு இளைப்பு. வைக்காவிட்டால் பாய்க்குப் பிழைப்பு இல்லை. வெளியே இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடியாக மாட்டினேன். அத்தோடு நின்றிருக்கலாம். உள்ளே, டிரைவர் தலைக்கு மேலே அகலமாக ஒரு கண்ணாடி மாட்டி, பின் சீட்டின் இடது மூலைக்கு நேராகத் திருப்பி வைத்தேன். ஆச்சி உட்காரும் மூலை அதுதான். "வாய் அசைஞ்சா தெரியும் பாய், ஒடனே நிப்பாட்டிருங்க" என்றேன். அவருக்கும் பரம சந்தோஷம். எங்கள் இரண்டு மண்டைக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாளே ஆச்சி வீட்டு ஆள் வந்துவிட்டான். இரண்டு பேரையும் ஆச்சி வரச் சொல்கிறார்கள் என்றான்.

கணவர் காலமான பிறகு, சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட முன்னால் வந்து நிற்காதவர்கள் அவர்கள். வீட்டு முகப்பில் எங்களை நிறுத்திவிட்டு, உள்கட்டான வளவின் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று பேசினார்கள்.

"போக வர அந்தக் கண்ணாடி என் முகத்தையே பாத்துக்கிட்டு வருது. நிமிந்தா பாயோட கண்ணு தெரியுது. மகன் தூரத்துல இருக்கான், கேக்க ஆளில்லைன்னு நெனச்சீகளா?"

இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. "ஆச்சி, அது பின்னால வர்ற வண்டியைப் பாக்குறதுக்கு நாந்தான்..." என்று பொய்யை ஆரம்பித்தேன்.

பாய்க்கு அவர்கள் சொன்னது கேட்டிருக்காது. என் முகமும் ஆச்சி காரை நோக்கி நீட்டிய கையும் போதுமாக இருந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "ஆச்சி, எனக்குக் காது கேக்காது" என்றார். "நீங்க கூப்புடுறது தெரியணும்னுதான் கண்ணாடி. அல்லா மேல ஆணையா வேற நெனப்பு இல்ல. செவிடன்னு சொல்லி என்னைய நிப்பாட்டிருங்க, போயிர்றேன். அந்த மாதிரி ஆளுன்னு மட்டும் நெனச்சிராதீக."

ஆச்சி தம் மெல்லிய குரலில் சொன்னார்கள். "எனக்கு மூச்சு இல்ல, ஒங்களுக்குக் காது இல்ல. இதைச் சொல்றதுக்கா இம்புட்டு நாளு?"

பாய் கையில் துண்டோடு அப்படியே நின்றார். அவருக்கு அதுவும் கேட்கவில்லை. ஆச்சிக்கு அது புரிந்தது. கதவை விட்டு வெளியே வந்தார்கள். வெளிச்சத்தில், பாய்க்கு நேர் எதிரே நின்று, முகத்தை நன்றாக நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக அதையே திரும்பச் சொன்னார்கள். பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்துருங்க" என்றார்கள் ஆச்சி. பிறகு என்னைப் பார்த்து, "கண்ணாடி இருக்கட்டும்" என்றார்கள்.

அதற்குப் பின்பு எத்தனையோ டீசல் வண்டிகளின் சத்தத்தைக் குறைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதலில் மவுண்டிங், பிறகு குழாய், பிறகு ஓட்டை, கடைசியாகத்தான் கம்பளி. அந்த வரிசையை இந்தக் கார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் பானெட்டைத் தூக்கும் முன்பே, வண்டிக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பேன். திரும்பாவிட்டால், முன்னால் போய் நின்று பேசுவேன்.