பக்கத்து வீட்டுப் பரங்கிக்காய்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு முள்வேலிதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் திருநெல்வேலிக்காரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் தோட்டத்தில் எதை நட்டாலும் காய்க்கும். என் கணவர் அவள் கொடுத்தனுப்பிய பரங்கிக்காய்க் கூட்டை ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, "கூட்டுன்னா இது கூட்டு. நீயும்தான் வைக்கிறியே" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதே வாயால் என் காயையும் அவர் புகழ வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விதையைக்கூட அவளிடம்தான் வாங்கினேன். வெட்கம் பார்த்தால் ஆகுமா? அவள் ஆடியில் ஊன்றியிருந்தாள், நான் ஆவணி முடிகிற நேரத்தில் ஊன்றினேன். ஐப்பசி மழையில் இரண்டு கொடியும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. காலையில் பல் துலக்கும்போதே வேலியோரம் போய் அவளுடைய பிஞ்சுகளை எண்ணுவேன். எனக்கு ஆறு காய், அவளுக்குப் பதினொன்று. சோறு இறங்காது.

பொங்கலுக்கு முன்னால் அவள் காயறுத்தாள். நகத்தால் தோலைக் கீறிப் பார்த்து, காம்பு காய்ந்து தக்கையாகிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு சாண் காம்போடு வெட்டினாள். நாலு நாள் வெயிலில் போட்டாள். பிறகு வைக்கோலில் பிரிமணை சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் பரணில் உட்கார வைத்தாள்.

அவள் அறுத்த அன்றைக்கே நானும் அறுத்தேன். என் காய் ஒரு மாசம் இளசு என்பது தெரியாமல் இல்லை. அவள் பரண் நிறைந்திருக்க என் பரண் காலியாகக் கிடப்பதா? காம்பைப் பிடித்துத் தூக்கியதில் மூன்று காய்க்குக் காம்பு ஒடிந்தே போயிற்று. போதாததற்கு, வருகிறவர்கள் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று ஆறையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். ஈரம் போவதற்குள் பரணில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். கணவர் அண்ணாந்து பார்த்து, "பரவால்லியே" என்றார். அது பாராட்டில் சேர்த்தியா?

மாசி பிறந்ததும் சமையலறையில் ஒரு வாடை. எலி செத்துக்கிடக்கிறதோ என்று தேடினேன். அரிசி டின் மூடியில் சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீர் விழுந்திருந்தது. மேலே ஏறித் தொட்டால் விரல் உள்ளே போகிறது. ஆறும் அழுகல். கணவர் ஃபேக்டரியிலிருந்து வருவதற்குள் முறத்தில் அள்ளிப்போய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் அவள்.

உள்ளே போய் ஒரு பெரிய காயைத் தூக்கிவந்து வேலிமேல் நீட்டினாள். "வச்சுக்கிடுங்கக்கா" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை வாங்கிக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காயில்தான் கூட்டு வைத்தேன். அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இன்னா ருசிம்மா! நம்ம ஊட்டுக் காய்னா சும்மாவா" என்றார். நான் குனிந்தபடி ரசம் ஊற்றினேன்.

அதோடு விட்டாரா? கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர், துணி உலர்த்திக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டார். "எங்கூட்டுக்காரி வச்ச காய் இன்னும் கல்லு மாதிரி கீதும்மா. உன் கூட்டெல்லாம் இதுங்கிட்ட நிக்காது."

அவள் கதவோரம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தாள். ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

"ஆமாண்ணே, அக்காவுக்குக் கைராசி" என்றாள்.

நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று வயிறுதான் எரிந்தது.