“அதெல்லாம் இல்லத்தா”

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். கத்தி வைக்கும் முன், சீழ் பிடிக்காமலிருக்க ஆன்டிபயாடிக் ஊசி போடுவோம். குடல் ஆபரேஷனுக்கு ஒன்று, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒன்று என்று டாக்டர் எழுதுவார். அலர்ஜி உண்டா என்று கேட்பது என் வேலை.

கர்ப்பப்பை எடுக்க வந்த சாணார்பட்டி அக்கா, “அதெல்லாம் இல்லத்தா” என்றார். மருந்தை ஏற்றப் போனேன். ஊசியைப் பார்த்ததும் பேச்சுவாக்கில் சொன்னார்.

“போன தடவ ஊசி போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சு. எனக்குச் சூட்டு ஒடம்புல்ல, அதான்.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் மருந்தை மாற்றினார். அக்கா நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

இப்போதெல்லாம், “ஊசி போட்டு எப்பவாச்சும் உடம்பு தடிச்சிருக்கா?” என்றுதான் கேட்கிறேன். அதற்கு முன் வந்தவர்களிடம் “அலர்ஜி உண்டா?” என்றுதான் கேட்டிருந்தேன். அவர்கள் சொன்ன “இல்லத்தா” ஒவ்வொன்றும் இன்னும் காதில் கேட்கிறது.