கரட்டுப் பாதையில் இரண்டு சைக்கிள்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊர்க் கரட்டின் அடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

சாமி கும்பிடவில்லை. மேலேயிருந்து என் மகள் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தாள். பார்க்கத் தைரியம் இல்லை – அவ்வளவுதான்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்குக் கரட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். கரடு என்றால் பெரிய மலை இல்லை. பாறையும் முள்ளுமாக ஒரு குன்று. ரோட்டில் சுற்றினால் ஒன்பது மைல். பஸ்ஸோ பள்ளிக்கூட நேரத்துக்கு வராது. கரட்டின் மேல் ஆடு மாடு போகிற பாதை வழியாகப் போனால் நான்கு மைல். நடந்தால் போக வர மூன்று மணி நேரம். சைக்கிள் என்றால்? ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

அந்த இறக்கம்தான் பிரச்சினை.

பூங்கொடிக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு பாஸ் ஆனதும், "கரட்டு வழியா சைக்கிள்ல போறனுங்கப்பா" என்றாள்.

இதே பத்திரிகைப் பக்கத்தில் பெண் கல்வி பற்றி எத்தனை வாரம் முழங்கியிருக்கிறேன்! நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அந்தப் பெரிய மனிதர் தன் மகளுக்கு என்ன பதில் சொன்னார் தெரியுமா?

"ஒரு வருசம் போகட்டும், பாக்கலாம் சாமி."

அவள் அழவில்லை. போய் மும்தாஜிடம் சொன்னாள்.

மும்தாஜ் அவளுடைய வகுப்புத் தோழி. மஞ்சள் மண்டி வைத்திருக்கும் காதர் பாயின் மகள். மூன்று அண்ணன்களோடு போட்டி போட்டே சைக்கிள் பழகியவள். மறுநாள் காதர் பாய் என் தோட்டத்துக்கு வந்துவிட்டார். தன் மகளை அனுப்ப அவர் தயார். ஆனால் அந்தப் பாதையில் தனியாக அனுப்ப முடியாது, பூங்கொடி வந்தால்தான் மும்தாஜும் போக முடியும் என்றார். ஆக, என் ஒரு வார்த்தையில் இரண்டு பெண்களின் படிப்பு!

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கரட்டு உச்சியிலிருந்து அடிவரைக்கும் விழாமல், ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் இறங்கிக் காட்டட்டும். காட்டினால் ஒன்பதாம் வகுப்பு. சொல்லும்போதே எனக்குள் ஒரு நிம்மதி. முப்பது வருடமாக சைக்கிள் ஓட்டுகிற நானே அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவன்தானே?

அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டார்கள். மண்டியில் சும்மா நின்ற ஒரு சைக்கிள், என்னுடையது ஒன்று. இரண்டும் குறுக்குக் கம்பி வைத்த, இரும்புக் கனம் கனக்கிற ஆண்கள் சைக்கிள்கள். பாவாடையை இரண்டு கால்களுக்கு நடுவே இழுத்து ஊக்குக் குத்திக்கொண்டு, விடியும்போதே வறண்டு கிடந்த ஏரிக்குள் இறங்கிவிடுவார்கள்.

தோட்டத்திலிருந்து எல்லாம் தெரியும். தெரியும் என்ன... அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வண்டித்தடத்தின் பள்ளத்துக்குள்ளேயே சக்கரம் வெளியே ஏறாமல் ஓட்டினார்கள். அப்புறம் கற்களை வரிசையாக வைத்து, வளைந்து வளைந்து போனார்கள். பிறகு ஏரிக்கரைச் சரிவு. பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, பின் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து... மும்தாஜ் கீழே நின்று, கல்லைப் பார்க்காதே, கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற வழியைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நடு நடுவே இரண்டு பேரும் மணலில் பொத்தென்று விழுவார்கள். எழுந்து சிரிப்பார்கள். மறுபடி விழுவார்கள். இன்னும் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. முதலில் இறங்கியது மும்தாஜ். தண்ணீர் இறங்குவது போல இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றாள். காதர் பாய் கை தட்டினார்.

அடுத்தது பூங்கொடி. அப்போதுதான் நான் கண்ணை மூடியது. சரளைக்கல் சரசரவென்று சரிகிற சத்தம். தடாரென்று இரும்புச் சத்தம்.

கண்ணைத் திறந்தேன். பாதி வழியில், வளைவில், சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஓடினேன். மும்தாஜ் குறுக்கே வந்து நின்றாள்.

"ஓடாதீங்க மாமா. அவ பாத்துக்குவா. விழுந்து எந்திரிக்கிறதுக்குன்னே ஏரி மணல்ல பத்து நாள் பழகியிருக்கமுங்க."

என்னது... அது பயிற்சியா?

மேலே பார்த்தேன். அவள் எழுந்துவிட்டாள். முழங்கையைத் தட்டிக்கொண்டாள். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கி, திரும்பிப் போயிருந்த ஹேண்டில்பாரை ஒரே இழுப்பில் நேராக்கினாள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஏறினாள். மீதி இறக்கத்தை ஒரு அவசரமும் இல்லாமல் இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"விழுந்துட்டனுங்கப்பா. அப்ப நான் ஊட்லயே இருக்கோணுங்களா?"

மும்தாஜ் தலை குனிந்துகொண்டாள். காதர் பாய் என்னையே பார்த்தார்.

நான் கேட்டது விழாத பெண்ணை. அப்படி ஒருத்தி எந்த ஊரிலாவது இருக்கிறாளா, சொல்லுங்கள். விழுந்தால் யார் தூக்கிவிடுவார்கள் என்றுதானே இத்தனை நாளும் பயந்தேன்? தூக்கிவிட ஆளே தேவையில்லை என்று கண் முன்னால் காட்டிவிட்டு, தோற்றுப்போனதாக நினைத்து நிற்கிறாள் குழந்தை.

"நீ போ சாமி. ரெண்டு பேரும் போங்க" என்றேன். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று எங்கள் கரட்டில் எழுந்த கூச்சல்... மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நாலாபக்கமும் தெறித்து ஓடின. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டார்கள் – எதற்கு? இன்னொரு தடவை இறங்கத்தான். காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் தூசி என்றுதான் சொன்னார்.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. சாயங்காலம் பூங்கொடி வந்ததும் முதலில் நேரத்தைத்தான் கேட்டேன்: நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா?

போய்ச் சேர்ந்தார்களாம். வாட்ச்மேன் வந்து கேட்டைத் திறக்கத்தான் அரை மணி நேரம் காத்து நிற்க வேண்டியிருந்ததாம்.