வெட்டாமல் விட்ட கரை

முள்ளுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மைசூருக்கு வெளியே, கால்வாய்ப் பாய்ச்சலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கரும்பும் ராகியும் மாற்றி மாற்றிப் போடுவோம். அந்தக் கால்வாய்க் கரையை ஒட்டி நீளமாக ஒரு துண்டை வெட்டாமல், உழாமல், எரிக்காமல் ஐந்து வருஷம் விட்டுவிட்டால் வருஷா வருஷம் பணம் தருவார்களாம். புங்கை, அத்தி, புல், புதர் எல்லாம் அதில் தானாக வளர வேண்டுமாம். பறவை வரும், மண் அரிக்காது, காற்று சுத்தமாகும், அதற்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் காசு கொடுக்கும் என்றார்கள்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடை மாடியில் கூட்டம் போட்டார்கள். கீழே சந்தில் ஆட்டோக்காரர்கள் ஹாரனை விடாமல் அமுக்க, மேலே பேசியவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். வந்திருந்த விவசாயிகள் எல்லாரும் பயத்தோடுதான் பேசினார்கள். காட்டுப்பன்றி குடித்தனமே வந்துவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர், "நம்ம வயல் காத்தை எவனோ ஃபாரின்காரன் வாங்குறானாம். நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் ரசீது கேப்பான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பேச்சில் கஞ்சன். அவரே எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "மரம் வளந்ததும் ஃபாரஸ்ட்காரங்க வந்து இது காடுன்னு சொன்னா, எங்க நிலத்துல நாங்க யாருங்க?"

திட்டத்தை நடத்தும் மேடம், "ஏனூ ஆகல்ல" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ஒன்றும் ஆகாதாம். ஏன் ஆகாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "கரும்பு காஞ்சு போகுது. மோட்டார் புகைஞ்சு கிடக்குது. சும்மா கிடக்கிற கரைக்குக் காசு தர்றேன்னா வேண்டாம்னு சொல்ல நமக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்து கேட்டுவிட்டேன். கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். பட்டாவில் வீட்டுக்காரர் பெயரும் இருந்ததால் அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டார்.

வந்த பணத்தில் புது மோட்டார் இறக்கினோம். கரையும் வளர்ந்தது. மாதம் ஒரு தடவை அந்தப் புதருக்கு நடுவே போய்ப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல்லின் தலையில் போனை வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்தால்தான் ஒவ்வொரு மாதமும் படம் ஒரே மாதிரி விழும். முதல் வருஷம் எனக்கு அது பொழுதுபோக்காகக்கூட இருந்தது. குருவிக் கூடெல்லாம் பார்த்துவிட்டு வருவேன்.

அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வயல்காரர் நாயைக் காணோம். பிறகு கால்வாய்ச் சேற்றில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். வனத்துறை ஆட்கள் வந்து பார்த்தார்கள். பெண் சிறுத்தை, குட்டி போட்டிருக்கலாம், தனியாகப் போகாதீர்கள், முக்கியமாகக் குனியாதீர்கள் என்றார்கள். குனிந்திருக்கிற மனிதரை அது மனிதர் என்றே நினைக்காதாம். எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது.

மேடத்துக்குப் போன் போட்டேன். புதரை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வெட்டினால் ஒப்பந்தம் முறிந்துவிடும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். வனத்துறையிடம் கூண்டு வைக்கச் சொல்லுங்கள், அதுவரை ஜாக்கிரதையாகப் போய் வாருங்கள் என்றார். ஜாக்கிரதையாம்!

நான் பிறந்தது கோபிநத்தம் பக்கம், காட்டோரம். அங்கே விறகுக்குப் போனால் இரண்டு பேராகத்தான் போவோம். ஒருத்தி குனிந்து பொறுக்குவாள். இன்னொருத்தி அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள். மாமியாரைத் திட்டுவாள், சினிமாக் கதை சொல்லுவாள், எதுவானாலும் சரி. மனிதர் குரல் கேட்டால் மிருகம் ஒதுங்கிப் போகும். பேச்சு நின்றதோ, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

இதை வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பேசச் சொன்னால் அவருக்கு என்ன வரும்? திட்டத்தான் வந்தது. "முள்ளுக்குக் காசு தர்ற மகராசா, வந்து இதுல பாய் விரிச்சுப் படுத்துப் பாருடா" என்று கம்பை ஊன்றிக்கொண்டு அவர் ஆரம்பித்தால், எனக்குப் பயத்திலும் சிரிப்பு வரும். கேட்ட கூண்டு வரவே இல்லை. அப்படியே இரண்டு மாதம் ஓட்டினோம்.

மூன்றாவது மாதம், போட்டோவுக்குப் போகிற அன்று காலையில் சண்டை. "கரும்புச் சோகை எரிக்கிறப்ப தீ தாவிருச்சுன்னு சொல்லிக் கொளுத்திப்புடலாம் புள்ள" என்றார்.

"உள்ள குட்டி இருக்குதுங்க. பாவமில்லையா?"

"குட்டி பெருசா, நான் பெருசா?"

"நீங்கதான் பெருசு. வாயை மூடிட்டு வாங்க" என்றேன். ஐயோ, அந்த வார்த்தையை நான் ஏன் சொன்னேன்!

புதருக்குள் போனதும் அவர் வழக்கம்போல முனகத் தொடங்கினார். நான் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். போன் திரையில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சு நின்றது.

நான் எழுந்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. ஓஹோ, வாயை மூடச் சொன்னேன் அல்லவா, இங்கே வந்து ரோஷம் காட்டுகிறாரா? போட்டோவை எடுத்தேன். "ஏனுங்க, பேசுங்க. இங்கயா கோவிச்சுக்குவாங்க?" என்றேன். அவர் காலில் சாயலாம் என்று உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன். அங்கே அவர் இல்லை.

திரும்பினேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம், அத்திச் செடிக்குக் கீழே, தரையோடு தரையாக அது படுத்திருந்தது. காது இரண்டும் பின்னால் ஒட்டியிருந்தன. வால் நுனி மட்டும் அசைந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் அவர் போய் நின்றிருக்கிறார். கையில் கம்பு இருந்தது, ஓங்கவில்லை. அவர் பிடரி மயிர் நனைந்து ஒட்டிக்கிடந்தது. இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர என் மனதில் ஒன்றுமே இல்லை.

எழுந்து நின்றேன். எப்படியோ எனக்குக் குரல் வந்தது. அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு பேசினேன். "நான் இங்கதான் இருக்கேன். திரும்பாதீங்க. காலை மெல்லப் பின்னால வைங்க. முள்ளு இருக்குது, பாத்து. இன்னிக்கு ராகிக் களி கிண்டட்டுமா, சோறு போதுமா?" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இழுத்தேன். அது உறுமியது. எழவில்லை. குட்டியை விட்டு வரக் கூடாது என்று மனதில் வேண்டிக்கொண்டே, ராகி வரப்பு காலில் படும்வரை அப்படியே பின்னால் நடந்தோம்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "கத்தணும்னுதான் வாயைத் திறந்தேன் புள்ள. வெறும் காத்துதான் வந்துச்சு" என்றார். அவர் வேட்டி நனைந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கால்வாய்த் தண்ணி" என்றார். நாங்கள் அன்று கால்வாயில் இறங்கவே இல்லை. "ஆமாங்க, தண்ணிதான்" என்றேன்.

எடுத்த அந்தப் படத்தையே அனுப்பிவைத்தேன். சாயங்காலம் திட்ட ஆபீஸிலிருந்து போனில் செய்தி வந்தது. படம் தெளிவாக இல்லை, அதே இடத்தில் மறுபடி எடுத்து அனுப்பவும்.

அவர் எட்டிப் பார்த்தார். எழுந்து, மூலையில் சாத்திய கம்பை எடுத்தார். அதைப் பிடுங்கி மறுபடி மூலையிலேயே சாத்தினேன். உடனே மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். நிஜமாகவே பதறினார், பொய் சொல்லக் கூடாது. "இந்த மாசம் விட்டுடலாம் அம்மா. நான் மேல சொல்லிக்கிறேன்."

"அடுத்த மாசம்?"

"ரூல்ஸ் அப்படி இருக்கே அம்மா" என்றார்.

"மோட்டாரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க மேடம்" என்றேன். "எனக்கு எங்க ஆளு வேணும்."