கொக்கியில் தொங்கிய தோல் தொப்பி

பெரியப்பா கிளம்பிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. "ரேடியோவை அணைச்சிடு, பேட்டரி தீருது" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, சைக்கிளில் விமானத் தளத்துக்குப் போனார். மதியம் அவர் ஓட்டிய போர் விமானம் ஏரிப் பக்கமாகப் போய்த் திரும்பவில்லை.

ஓட்டியது அவர்தான் என்பதைப் பெரியம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், பறக்கும்போது அவர் போடும் தோல் தொப்பி தளத்துக் கொக்கியிலேயே தொங்கியது.

பெரியம்மா அந்தத் தளத்தின் உபகரண அறையில் தையல்காரி. காதருகே ஒலிக்கருவி பொதிந்து, தாடைக்குக் கீழே வாரோடு, மண்டையைக் கவ்விப் பிடிக்கும் அந்தத் தொப்பிகளைச் சரிசெய்வது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அவர் தலையை அளந்தவளும் அவள்தான். "உள்ளே ஒண்ணும் இல்லாததுக்கு இவ்வளவு பெரிய அளவா?" என்று கேட்டாளாம்.

விமானிகளுக்கு அந்தத் தொப்பிதான் கௌரவம். வியர்வை ஏறிக் கறுத்த தோல் என்றால் அனுபவசாலி. புதிதாகச் சேர்ந்தவர்கள் எண்ணெய் தடவி, தரையில் போட்டு மிதித்து, பழசாக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் தொப்பியை இன்னொருவர் தொடமாட்டார்.

பிறகு கெட்டியான வெள்ளை ஹெல்மெட்டுகள் வந்திறங்கின. விமானிகள் அதற்குச் 'சட்டி' என்று பெயர் வைத்தார்கள். கட்டாயம் என்று இன்னும் உத்தரவு வரவில்லை. பெரியம்மா முந்திக்கொண்டு, மெல்லிய தோலை வளையமாக வெட்டி, ஒரு சட்டிக்குள் சிவப்பு நூலால் தைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கோங்க. தலை தப்பும்."

"அப்புறம் நீ எதுல தண்ணி மொண்டு குளிப்பே?" அறையே சிரித்தது. அவர் அதை அலமாரியில் திருப்பி வைத்தார். "செத்தாலும் இது என் தலையில ஏறாது."

அந்தப் பேச்சைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். விமானத்தில் ஏறியவர் சட்டி போட்டிருந்தார், கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கியிருந்தார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார் என்றார் மெக்கானிக்.

"அப்போ அது அவர் இல்லை."

"வேற யாரு ஓட்டினா, அக்கா?" என்று கேட்டாள் என் அம்மா.

"அது எனக்கெப்படித் தெரியும்? இந்த வேலையே வேண்டாம்னு எங்கேயோ போயிட்டார். தொப்பிக்காகவாவது வருவார்."

அலமாரியைத் திறந்தே பார்க்காமல், கொக்கியிலிருந்த தொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தோல் வெடிக்காமல் எண்ணெய் பூசிப் பூசியே அவள் தலை நரைத்தது. வேறு கல்யாணப் பேச்சை எடுத்தவர்களைப் படியேற விடவில்லை.

நான் ஓரிடத்தில் கால் தரிக்காதவள். வருஷக்கணக்கில் சுற்றிவிட்டு வந்து நின்றால், "சாப்பிட்டியா" என்பதற்கு முன்னால் கேட்பாள்: "இத்தனை ஊர் சுத்தினியே, எங்கேயாவது கண்ணுல பட்டாரா?" முதல் தடவை சிரித்தேன். அப்புறம் எந்த ரயிலடியிலும் பெரிய தலைக் கிழவர் யாராவது போனால், நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்த வருஷம் மழை பொய்த்து ஏரி வற்றியது. போன வாரம் தளத்திலிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது, படத்தோடு.

"ஏரியில் விமானம் கிடைத்துள்ளது. விமானியின் இருக்கையில் எலும்புகளும் வெள்ளை ஹெல்மெட்டும் இருந்தன. ஹெல்மெட்டுக்குள் தோல் வளையம், சிவப்பு நூல் தையல். அடையாளம் சொல்ல முடியுமா?"

பெரியம்மா படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். தையலை விரலால் தடவினாள். படம் நழுவிப் போனது.

"போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கார்" என்றாள்.