கழற்றிப்போட்ட சென்சார்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அஞ்சாவது தாண்டாதவன், லாரி ஓட்டியே கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக இரும்பு ஷெட் போட்டவன், என் கண்ணையும் கையையும் தவிர எதையும் நம்பினதில்லை. நான் இதைச் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனியில் புதுக் கார் வாங்கினேன். பின்னால் ஏதாவது இருந்தால் கத்துகிற சென்சார் வைத்தது. பொய் சொல்லக் கூடாது, பொன்னேரி மார்க்கெட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது பைக்கில் வந்த ஒருவரை அதுதான் காப்பாற்றியது. ஆடியில் பெரியபாளையம் அம்மனிடம் பூஜைக்குக் கொண்டுபோனோம். பின் பம்பரில் வட்டம் வட்டமாக இருந்த சென்சார்களை, பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்து, என் மனைவி சரோஜா ஒவ்வொன்றிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ரிவர்ஸ் போட்டாலே ஓயாத கத்தல்.

துடைத்தால் தீர்ந்தது. அம்மன் குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்றாள். மெக்கானிக் பாஷாவிடம் வயரையே கழற்றச் சொன்னேன்.

"வேணாம் நைனா. பின்னாடி யாரு கீறாங்கன்னு தெரியாம பூடும்."

"நான் லாரி ஓட்டச்சொல்ல இன்னா சென்சாரு இருந்திச்சி? கயட்டுடா."

கழற்றிவிட்டான். சில நாள் நிம்மதி. ஒருநாள் காலையில் ஷெட்டுக்குக் கிளம்பி, வாசலில் ரிவர்ஸ் போட்டேன். கழற்றிப்போட்ட சென்சார் கத்தியது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமில்லை. பாஷா ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே வண்டியை நகர்த்தினேன், கத்தல் ஒரே இழுப்பாக இழுக்க, ஆத்திரம் தாங்காமல் பம்பரை உதைக்க இறங்கினேன். உதைக்கத்தான் இறங்கினேன், வேறு எதற்கும் இல்லை. பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி சரோஜா சுருண்டு கிடந்தாள். சுகர் இறங்கி மயக்கம்.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்ததும், "நான் வியுந்து கெடக்கறது உனுக்கு எப்டியா தெரிஞ்சிச்சி?" என்று கேட்டாள்.

"எல்லாம் லாரி ஓட்டின சர்வீசு," என்றேன். கூடியிருந்தவர்கள் டிரைவர் கண்ணு டிரைவர் கண்ணுதான் என்றார்கள், நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பாஷாவை வரவழைத்தேன். அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "நைனா, ஒயரு நான் கயட்டினாப்லயேதான் கீது. சுத்தின டேப்பு கூட பிரியல," என்றான்.

அவளையே சந்தனத்தைத் துடைக்கச் சொல்லி, வயரை மாட்டவைத்தேன். பின்னால் வாளியை வைத்தான், கத்தியது. தானே போய் நின்றான், கத்தியது. சரோஜா நின்றாள். சத்தமே இல்லை.

"எம்மேல இன்னா கோவம் அதுக்கு?" என்று அவள் சிரித்தாள். பாஷா சிரிக்கவில்லை. அவளை நகர்த்திவிட்டு அதே இடத்தில் மறுபடி நின்றான், கத்தியது.

இன்று வரைக்கும் அப்படித்தான். தெருநாய் போனால் கத்துகிறது, அவள் நின்றால் கத்துவதில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டுக் காருக்கு முன்னால் நிற்கவைக்கிறேன். வழியனுப்பச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கையை ஆட்டுகிறாள்.