ஆறு பத்து பஸ்ஸும் என் இடது இடுப்பும்

வலி முதலில் முழங்காலில்தான் வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இந்த நிமிடம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் குறுக்கே நின்றுவிட்டது. புதுக் கார்களை அடுக்கி ஏற்றிப்போகும் நீள டிரெய்லர். பின்னால் கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேரோடு நான். நகர்வதும் நிற்பதுமாக முக்கால் மணி நேரம். இடது கால் கிளட்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டு, ஒரு மிதியில் முழங்காலுக்குள் சுரீரென்றது. அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது, அதனால்தான் மிதி கனக்கிறது என்று வண்டியைத் திட்டினேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பஸ் போர்டு படிப்பேன், நம்பர் எழுதுவேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் கோமதி எழுதுகிறாள். சுற்றி வளைக்காதே என்கிறாள். நான் ஓட்டிய ரூட்டே அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி, பிள்ளைப்பாக்கத்தில் ஆள் ஏற்றி, சந்து சந்தாக ரூம் பக்கம் எல்லாம் நுழைந்து வந்துதான் ஒரகடம் போய்ச் சேரும்.

அதன் பேரே ஆறு பத்து பஸ். காலை ஆறு பத்துக்கு எடுப்பேன். ஆறு பதினொன்றுக்கு வருகிறவர்கள் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த பிள்ளைகள் பஸ்ஸைத் தட்டிக்கொண்டே ஓடிவருவார்கள்.

"அண்ணே, நில்லுங்கண்ணே! பட்டன் போட்டுக்கிட்டு இருந்தேன்ணே!"

"நேத்தே போட்டுகினு படுத்திருக்கணும்" என்பேன். நிற்க மாட்டேன். ஒருவனுக்கு நின்றால் ஐம்பது பேர் லைனுக்கு லேட்டு. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் முழங்காலுக்கே வைத்தியம் நடந்தது. தைலம், கட்டு, ஊசி. முழங்கால் எக்ஸ்ரே பளிச்சென்று இருந்தது. எல்லாரும் எனக்கு வலி இல்லை என்கிற மாதிரியே பேசினார்கள். அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறும்போது பேண்ட்டைப் பிடித்து இடது காலைத் தூக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது. என் மனைவி வள்ளி ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாயா, அரிசி மூட்டை மாதிரி காலைத் தூக்கி வெக்கிற?"

கடைசியில் தொழிலாளர் மருந்தகத்தில் ஒரு வயதான டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். தொடை இடுக்கில் உயிர் போயிற்று. "கோளாறு முழங்கால்ல இல்லைங்க, இடுப்பு மூட்டுல" என்றார். இடுப்பு கெட்டால் வலி முழங்காலில் கூவுமாம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. எனக்கு ஒரு வருடம்.

அங்கிருந்து சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிரித்த முகமாக ஒரு டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, லேப்ரம் (மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் போலிருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது என்றார். ஆர்த்ரோஸ்கோப்பி (சின்னத் துளை போட்டு, குழாய்க் கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்யலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சம்மணம் போட்டு உக்கார முடியுமா சார்?"

"முடியும்னு எதிர்பார்க்கலாம்" என்றார்.

முடியும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. 'எதிர்பார்க்கலாம்' எவ்வளவு பெரிய சொல் என்று பிறகு தெரிந்தது.

ஏன் அதைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். என் அப்பா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். தாரை வார்க்க மணையில் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்தேன். வேட்டி புதுசு, நழுவிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். கல்யாணத்தில் யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், எனக்குப் பெண் பிறந்தால் அந்த மணையில் நான்தான் உட்கார வேண்டும் என்று. நான் உயிரோடு இருக்க, என் மகளுக்கு வேறு ஒருவன் உட்காருவதா?

முதல் ஆபரேஷன் நடந்தது. காலை ஒரு மெஷினில் மாட்டி மூட்டு விலகும்படி இழுத்துப் பிடிப்பார்கள். அதில் கணுக்கால்தான் அதிகம் வலித்தது. ஆறு வாரம் ஊன்றுகோல். பிறகு எட்டு மாதம் நன்றாக இருந்தேன், பஸ் ஓட்டினேன். ஒன்பதாம் மாதம் பழைய வலி, பழைய இடத்தில், வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சொந்தக்காரன் திரும்பி வந்த மாதிரி வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது ஆபரேஷன். உள்ளே தழும்பு ஒட்டியிருக்கிறது, பிரித்துவிட்டால் போதும் என்றார்கள். நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது, எலும்பில் ஒரு மேடு இருக்கிறது, சீவிவிட்டால் சரியாகும் என்று. சீவினார்கள். மூன்றாவதுக்குப் பிறகு சரியாக நடந்த நாள் ஒன்றுகூட இல்லை. கான்ட்ராக்டர் ஆறு பத்து பஸ்ஸை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டு. "சின்ன ஓட்டைதானே." ஓட்டை சின்னதுதான். தடவைக்கு மூன்று வீதம் ஒன்பது ஓட்டை. புல்லாங்குழலுக்கும் அத்தனைதான். அதை வாசித்தாலாவது பாட்டு வரும்.

ஷெட் மெக்கானிக் பாய் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "டிரைவரே, பேரிங் போன வீலுக்கு எத்தினி தபா கிரீஸ் வெப்ப?"

"என் இடுப்பு இன்னா உன் ஷெட்டுக்கா வந்துச்சு?" என்று கத்திவிட்டேன். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அதே வேலையை ஒருவன் என் பஸ்ஸுக்குச் செய்திருந்தால் ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

சிரித்த முக டாக்டரிடம் மறுபடி போனேன். "இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்றார்.

"உள்ள எதனா மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

வள்ளிதான் வேறு டாக்டரிடம் இழுத்துப்போனாள். இந்த அம்மா ஸ்கேனைத் தொடவே இல்லை. நிற்கவைத்து ஒரு சாதா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார்.

"ஐயா, வலது பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு கறுப்பு இடைவெளி தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அங்கதான் குருத்தெலும்பு (எலும்போடு எலும்பு உரசாமல் வைக்கும் வழவழப்பான மெத்தை) இருக்கு. இடது பக்கம் காட்டுங்க பார்ப்போம்."

தேடினேன். கிடைக்கவில்லை. எலும்பு மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது. முதல் ஆபரேஷனின்போதே பாதிக்கு மேல் தேய்ந்திருக்கும், அப்படித் தேய்ந்த மூட்டில் விளிம்பை மட்டும் சரி செய்து பலன் குறைவு என்றார். மூட்டையே மாற்ற வேண்டும். பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து, கிண்ணத்துக்குள் புதுக் கிண்ணம்.

"சம்மணம்?" என்றேன்.

"வேண்டாங்க. தரையில உட்காரவே கூடாது, குந்தவும் கூடாது. புது மூட்டு நழுவிடும்."

ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏழு மாதம் அந்த ஃபைல் பீரோ மேல் கிடந்தது. அந்த ஏழு மாதமும் நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்பதை எழுத வேண்டாம் என்றேன். கோமதி எழுதத்தான் வேண்டும் என்கிறாள். சரி. மின்விசிறி சத்தம் போட்டால் திட்டினேன். போடாவிட்டால் கரண்ட் போய்விட்டதென்று திட்டினேன். கோமதிக்கு வந்த இரண்டு வரன்களிடம் "அப்பா ஆபரேஷன் முடியட்டும்" என்று முன்பே சொல்லியனுப்பியதில் அவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டிருந்தார்கள். மூன்றாவதாக வாலாஜாபாத்திலிருந்து வந்த வரன் அப்போது காத்திருந்தது.

ஒரு சாயங்காலம் சமையல்மேடையில் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து எழுவதைவிட நிற்பது எளிது. கோமதி ஷிப்ட் முடிந்து கழுத்தில் கார்டோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் தேதி கேட்கிறார்கள் என்றாள் வள்ளி.

"நாலாவதா ஒரு தபா ஓட்டை போட்டுப் பாக்கலாம். அதுக்கப்புறம் தேதி வெச்சுக்கலாம்" என்றேன்.

கோமதி பையைக் கீழே வைத்தாள். "ப்பா, உன் பஸ்ஸுல நான் எத்தினி வருசம் வேலைக்கு வந்தேன்?"

"மூணு."

"ஒரு நாள் லேட்டாயிடுச்சு. ஓடி வந்தேன். கண்ணாடில என்ன பாத்தியா இல்லியா?"

பார்த்தேன். துப்பட்டா ஒரு பக்கம் தொங்க ஓடி வந்தாள். கியரைப் போட்டு எடுத்துவிட்டேன்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்மா."

"ஒரு நிமிசம்ப்பா அது. இப்ப நாலு வருசமா நான் ஸ்டாப்புல நிக்கிறேன். நீ பஸ்ஸ எடுக்கவே மாட்டேன்ற."

நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளி முந்திக்கொண்டாள். "சம்மணம் சம்மணம்னு அடிச்சிக்கிறியே, கடைசியா எப்பயா தரையில உக்காந்த? சொல்லு பாப்போம்."

"இப்போ உக்கார்றேன் பாரு" என்றேன். வீம்பு. கையைக் கழுவாமலே சுவரைப் பிடித்து இறங்கினேன். வலது கால் மடங்கிற்று. இடது கால் குச்சி மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நின்றது. பாதி வழியில் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. சுவரில் என் குழம்புக் கை அப்படியே பதிந்திருந்தது.

"தூக்கு, தூக்கு" என்று வள்ளி ஒரு கையையும் கோமதி ஒரு கையையும் பிடித்தார்கள். தூக்கி நிறுத்தும்போது வள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கோமதிக்கு. எனக்கு வரவில்லை. ஆறு வருடமாக என்னிடம் இல்லாத ஒன்றை இழந்துவிடக் கூடாது என்று நான் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு மகளின் நாலு வருடத்தை வேறு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறேன்.

"அந்த ஃபைலை எடு" என்றேன்.

2013இல் மாற்று மூட்டு வைத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ததால் சத்தம் மட்டும் கேட்டது. சுத்தியல் சத்தம். நம் ஷெட் மாதிரியே இருந்தது, அதனால் பயம் போய்விட்டது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கவைத்தார்கள். கால்களுக்கு நடுவே தலையணை. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. அறுத்த இடம் நன்றாகவே வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறு வலி. தொடை இடுக்கிலிருந்த அந்தப் பழைய வலியைத் தேடிப் பார்த்தேன். அது போய்விட்டிருந்தது.

எல்லாருக்கும் துளை ஆபரேஷன் வீண் என்று நான் சொல்லவில்லை. சின்ன வயசில் மூட்டு தேயாமல் கிழிந்தவர்களுக்கு அது சரியாக வருமாம். நான் சொல்வது, கத்தி எடுப்பதற்கு முன் எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு இடைவெளி இருக்கிறதா என்று கேளுங்கள். டாக்டர் 'எதிர்பார்க்கலாம்' என்றால் எத்தனை பேருக்கு அப்படி ஆயிற்று என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு கதவைத் தட்டுங்கள்.

ஐந்தாம் மாதம் கல்யாணம். "பெரியவர் மணையில உட்காரணுமே" என்று இழுத்தார் ஐயர். கல்யாணப் பெண்ணே மாலையோடு திரும்பினாள். "மணையைத் தூக்கி நாற்காலி மேல போடுங்க ஐயரே. அவரு அதும்மேல உக்காரட்டும்."

போட்டார்கள். முழங்காலைவிட உயரமாக உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மணை போட்டதும் உயரம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. அந்த மண்டபத்திலேயே உயரமான இடத்தில் உட்கார்ந்து தாரை வார்த்தேன். கோமதியின் கை மேல் என் கை. தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

பஸ் ஓட்ட முடியாது. கான்ட்ராக்டர் ஸ்ரீபெரும்புதூரில் டைம் எழுதும் வேலை கொடுத்தார். ஒரு உயரமான நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு பேனா. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பிற்று என்று நம்பர் போட வேண்டும். அது எனக்கு வரும்.

ஆறு வருடம் என் உடம்பில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மற்ற உடம்பெல்லாம் அதைச் சுமக்கிற வண்டி. இப்போது அந்த இடம் எங்கே என்று கையால் தொட்டால்தான் தெரிகிறது. மழை நாளில் மட்டும் அது கொஞ்சம் குளிரும். படியில் இன்னும் வலது காலைத்தான் முதலில் வைக்கிறேன்.

முந்தாநாள் ஆறு பத்து பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து ஒரு பெண் கையில் டிபன் டப்பாவோடு ஓடி வந்தாள். ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் ஓடினாள். அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்.

"நில்லுப்பா" என்றேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "இன்னா பெருசு, நீ ஓட்டுறப்ப யாருக்குனா நின்னியா?"

"நிக்கல. நீ நில்லு."

அவள் ஏறினாள். பஸ் போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு பதினொன்று. நோட்டில் ஆறு பத்து என்று எழுதினேன்.